பட்ஜெட் துண்டும் நாட்டுக் கடனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி 1 நெருங்கினால் போதும், சொந்தக்காரர்கள் குழு, பழைய அலுவலகக் குழு, தெருக்காரர்கள் குழு என்று எல்லா வாட்ஸ்அப்பிலும் ஒரே மாதிரிப் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு படத்தில் நாடு கடனில் மூழ்கிக்கொண்டிருக்கும், அடுத்த படத்தில் உலகமே நம்மைப் பார்த்து வியந்துகொண்டிருக்கும். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். வேறு ஆண்டைச் சொல்லாத இடங்களில் எண்கள் எல்லாம் 2025-26 மத்திய பட்ஜெட் மதிப்பீட்டிலிருந்து எடுத்தவை.

பட்ஜெட்ல துண்டு விழுதுன்னு சொல்றாங்களே, எவ்வளவுதான் விழுது?

மத்திய அரசு அந்த ஆண்டுக்குப் போட்ட மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். வரி, பொதுத்துறை நிறுவனங்களின் லாபப் பங்கு, கட்டணம், பங்கு விற்பனை என்று கடன் வாங்காமல் கைக்கு வருவது 34.96 லட்சம் கோடி. மீதி 15.69 லட்சம் கோடியைக் கடனாகத்தான் புரட்ட வேண்டும். இதுதான் நிதிப் பற்றாக்குறை. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது ஜிடிபி, அந்த ஆண்டு சுமார் 357 லட்சம் கோடியாக இருக்கும் என்று கணித்து, துண்டு அதில் 4.4 சதவீதம் என்றார்கள்.

இதற்குள்ளேயே இன்னொரு எண் இருக்கிறது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று அன்றாடம் ஆகிற செலவுக்கே வருமானம் போதாமல் போவது வருவாய்ப் பற்றாக்குறை. அது 5.24 லட்சம் கோடி. வாங்குகிற கடனில் மூன்றில் ஒரு பங்கு பாலமாகவோ ரயில் பாதையாகவோ மாறாமல் அந்த ஆண்டுச் செலவிலேயே கரைந்துவிடுகிறது என்று அர்த்தம். தொலைக்காட்சி விவாதங்களில் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என் கண் எப்போதும் இரண்டாவதன் மேல்தான்.

பற்றாக்குறை குறைஞ்சிடுச்சுன்னு மந்திரி சொல்றாங்க, கடன் ஏறிடுச்சுன்னு எதிர்க்கட்சி சொல்றாங்க. ரெண்டுல ஒண்ணுதானே உண்மையா இருக்க முடியும்?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பற்றாக்குறை என்பது ஓர் ஆண்டுக் கணக்கு, கடன் என்பது இதுவரை சேர்ந்த மொத்தம். கொரோனா ஆண்டான 2020-21-ல் 9.2 சதவீதமாக இருந்த பற்றாக்குறை 2024-25-ல் 4.8 ஆக இறங்கியது. அதாவது புதிதாக வாங்கும் கடன், ஜிடிபியோடு ஒப்பிட்டால் குறைந்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்கிக்கொண்டே இருப்பதால் மொத்தம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஒரே மேடையில் இருவரும் உண்மை பேசிக்கொண்டே சண்டை போட முடியும்.

ஒவ்வொரு இந்தியன் தலையிலயும் ஒன்றரை லட்சம் கடனாமே? பொறந்த குழந்தை மேலயுமா?

வகுத்தல் கணக்கு ஏறக்குறைய சரிதான். மத்திய அரசின் கடன் ஜிடிபியில் 56.1 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். 357 லட்சம் கோடியில் அது சுமார் 200 லட்சம் கோடி. 140 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 1.4 லட்சத்துக்குச் சற்று மேலே வரும். மாநிலங்களின் கடனையும் சேர்த்தால் இன்னும் ஏறும்.

ஆனால் இந்த எண்ணால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. யார் வீட்டுக்கும் நோட்டீஸ் வரப்போவதில்லை. அரசு வட்டியைக் கட்டுவது வரிப்பணத்திலிருந்து. அந்த வரி எல்லார் தலையிலும் சமமாக விழுவதில்லை. மாதச் சம்பளக்காரர் வருமான வரியாகக் கட்டுகிறார், பைக்கில் போகிறவர் பெட்ரோல் வரியாகக் கட்டுகிறார், சோப்பு வாங்குகிறவர் ஜிஎஸ்டியாகக் கட்டுகிறார். யாரிடம் எவ்வளவு வசூல் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. தலைக்கு இத்தனை என்று வகுத்த உடனே அது கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறது.

இவ்வளவு பணத்தை யார்கிட்ட வாங்கியிருக்கோம்? உலக வங்கிகிட்டயா?

பெரும்பகுதியை நம்மிடமே வாங்கியிருக்கிறார்கள். மத்திய அரசின் கடனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உள்நாட்டுக் கடன், ரூபாயில் வாங்கியது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் என்று வெளியே வாங்கியது சிறு பகுதிதான்.

நடப்பது இப்படி. வெள்ளிக்கிழமைகளில் ரிசர்வ் வங்கி அரசுப் பத்திரங்களை, அதாவது குறித்த காலத்தில் வட்டியோடு திருப்பித் தருவதாக அரசு எழுதிக்கொடுக்கும் கடன் சீட்டுகளை, ஏலம் விடும். காலை 10.30-லிருந்து 11.30-க்குள் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசுப் பத்திரங்களை வாங்கி விற்க அனுமதி பெற்ற முதன்மை வணிகர்கள் எல்லாரும் 'ஈ-குபேர்' என்ற கணினித் தளத்தில் தங்கள் விலையைப் பதிவார்கள். கேட்ட விலைகளைப் பார்த்து எந்த வட்டியில் நிறுத்துவது என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்யும். சில பத்திரங்களின் தவணை 40, 50 ஆண்டு வரை போகும். 91 நாள், 182 நாள், 364 நாள் குறுகிய காலக் கடனுக்குத் தனி ஏலம் உண்டு. எல்ஐசி பிரீமியம் கட்டியிருந்தால், பிஎஃப் பிடித்தம் இருந்தால், அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு இருந்தால், நீங்களும் அரசுக்குக் கடன் கொடுத்தவர்தான். வங்கிகளும் வைப்புத்தொகையில் ஒரு பங்கை அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

736 பில்லியன் டாலர் வெளிநாட்டுக் கடன் என்று ஒரு படம் சுற்றுகிறதே, அது 2025 மார்ச் இறுதிக் கணக்கு. எண் சரி, பொருள் வேறு. தனியார் நிறுவனங்கள், வங்கிகள், வெளிநாடுவாழ் இந்தியர்களின் வைப்புகள் எல்லாம் சேர்ந்த 'நாட்டின்' வெளிக்கடன் அது. 'அரசின்' கடன் அதில் ஒரு பகுதி மட்டுமே.

நோட்டு அடிக்கிற மெஷின் நம்மகிட்டதானே இருக்கு? அடிச்சுக் கட்டிட்டுப் போகலாமே?

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. துண்டு விழும்போதெல்லாம் அரசு ஒரு கருவூல உண்டியலை (குறுகிய காலக் கடன் சீட்டு) எழுதி ரிசர்வ் வங்கியிடம் நீட்டும், அங்கிருந்து பணம் வந்துவிடும். விலைவாசி ஏறியதுதான் மிச்சம். 1994-ல் நிதியமைச்சர் மன்மோகன் சிங்கும் ரிசர்வ் வங்கி ஆளுநர் சி. ரங்கராஜனும் இருந்தபோது இதைப் படிப்படியாக நிறுத்த ஒப்பந்தம் போட்டு, 1997 ஏப்ரலில் அந்த வழியை மூடினார்கள். 2006 ஏப்ரலிலிருந்து அரசு வெளியிடும் பத்திரத்தை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கவும் தடை வந்தது.

ஆனால் சந்தையில் ஏற்கெனவே உள்ள பத்திரங்களை ரிசர்வ் வங்கி வாங்கலாம், விற்கலாம். அதுபோக, தன் லாபத்தின் உபரியை ஆண்டுதோறும் அரசுக்குத் தருகிறது. 2024-25 கணக்குக்குத் தந்தது 2.69 லட்சம் கோடி. 2019-ல், உபரியில் எவ்வளவு தரலாம் என்று ஆராய்ந்த பிமல் ஜலான் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 1.76 லட்சம் கோடி கொடுத்தபோது எதிர்க்கட்சிகள் 'கொள்ளை' என்று கொதித்தார்கள். அதைவிடப் பெரிய தொகை பின்னால் போனபோது அந்த அளவுக்குச் சத்தம் இல்லை.

சரி, எப்பதான் இதையெல்லாம் அடைச்சு முடிப்பாங்க?

முடிக்கமாட்டார்கள். முடிக்கும் எண்ணமும் எந்த அரசுக்கும் இல்லை. கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு ஏழுமலையான் கலியுகம் முடியும்வரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார், அசல் அப்படியே நிற்கிறது என்று கதை கேட்டிருப்பீர்கள். அரசுக் கடனும் அந்த ரகம்தான். ஏலம் நடக்கும் தளத்துக்குக் குபேரன் பெயரை வைத்தவர் இதை யோசித்துத்தான் வைத்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். பழைய பத்திரம் முதிரும்போது புதுப் பத்திரம் விற்று அதை அடைக்கிறார்கள். 2025-26-ல் சந்தையில் வாங்கத் திட்டமிட்ட மொத்தக் கடன் 14.82 லட்சம் கோடி, பழையதைத் திருப்பியது போக நிகரமாக 11.54 லட்சம் கோடி.

உண்டியல் நிரம்பும் வேகம், அதாவது பொருளாதாரம் வளரும் வேகம், வட்டியைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பணமதிப்பில் ஜிடிபி ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்து, கடனுக்கான சராசரி வட்டி 7 சதவீதமாக இருந்தால், புதிதாகக் கொஞ்சம் வாங்கினாலும் கடன் பொருளாதாரத்தோடு ஒப்பிடுகையில் சுருங்கும். வளர்ச்சி படுத்துவிட்டால் நிலைமை தலைகீழ். 2020-21-ல் அதுதான் நடந்தது.

வட்டிக்கு ரூபாய்க்கு 20 காசுதான் போகுதுன்னு டிவியில படம் போட்டாங்க. இன்னொருத்தர் 37 காசுங்கறார். யார் புளுகுறது?

யாரும் புளுகவில்லை, வகுக்கிற எண்தான் மாறுகிறது. வட்டிச் செலவு 12.76 லட்சம் கோடி. அரசு வெளியிடும் 'ரூபாய் எங்கே போகிறது' படத்தில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப்பங்கு 14.22 லட்சம் கோடியையும் செலவோடு கூட்டிவிடுகிறார்கள். 50.65-உம் 14.22-உம் சேர்ந்து 64.87. அதில் 12.76 என்பது 20 காசு. மாநிலப் பங்கைச் சேர்க்காமல் மத்திய அரசின் செலவை மட்டும் வைத்து வகுத்தால் 25 காசு.

ஆனால் செலவில் கடன் பணமும் கலந்திருக்கிறது. சொந்த வருமானத்தில் வட்டிக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தால், பங்கு விற்பனை போன்றவற்றைச் சேர்க்காத வருவாய் வரவு 34.20 லட்சம் கோடிக்கு 12.76. அதாவது ரூபாய்க்கு 37 காசு. என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது இந்த 37-ஐத்தான். பட்ஜெட்டைப் புகழ்கிறவர் 20-ஐயும் திட்டுகிறவர் 37-ஐயும் எடுப்பார்கள். கட்சி மாறி ஆட்சிக்கு வந்தால் எண்ணும் இடம் மாறும்.

இன்னொரு கழித்தலையும் போட்டுப் பாருங்கள். வாங்கும் கடன் 15.69, கட்டும் வட்டி 12.76. வித்தியாசம் 2.93 லட்சம் கோடிதான். புதிதாக வாங்குவதில் பெரும்பகுதி பழையதன் வட்டிக்குச் சமம்.

67 வருஷத்துல 55 லட்சம் கோடி, மோடி ஒன்பது வருஷத்துல 100 லட்சம் கோடின்னு காங்கிரஸ் சொல்லுதே, நிஜமா?

2023-ல் காங்கிரஸ் கிளப்பிய கணக்கு இது: 2014-ல் 55 லட்சம் கோடியாக இருந்த கடன் 155 லட்சம் கோடி ஆகிவிட்டது என்று. ரூபாய்க் கணக்கில் பெரிய தவறில்லை. ஆனால் அதே அளவுகோலைக் காங்கிரஸ் தலைமையிலான பத்தாண்டுக்கும் வையுங்கள். 2004 மார்ச்சில் மத்திய அரசின் கடன் 18 லட்சம் கோடிக்கும் கீழே. 2014-க்குள் அதுவும் மும்மடங்கு ஆகிவிட்டது. விலைவாசியும் பொருளாதாரமும் வளரும் நாட்டில் எந்தப் பத்தாண்டை எடுத்தாலும் முந்தைய மொத்தத்தைத் தாண்டித்தான் நிற்கும்.

ஜிடிபியோடு வைத்துப் பார்த்தால் படம் வேறு. 2004-ல் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தது 2014-ல் 52-ஐ ஒட்டி இறங்கியது. அதன்பின் ஏறி, கொரோனாவில் 60-ஐத் தாண்டி, 57-க்கு அருகில் வந்தது. காங்கிரஸ் இந்தச் சதவீதத்தைச் சொல்லியிருந்தால் அதன் வாதம் இன்னும் வலுவாக இருந்திருக்கும். 100 லட்சம் கோடி என்றால் மேடையில் எடுபடும் என்று நினைத்தார்கள்போல.

2024 பிப்ரவரி 8 ஒரு நாளைப் பாருங்கள். முந்தைய ஆட்சியின் நிர்வாகத்தைக் குறைகூறி நிர்மலா சீதாராமன் மக்களவையில் வெள்ளை அறிக்கை வைத்தார். அதே நாளில் காங்கிரஸ் தலைவர் கார்கே கறுப்பு அறிக்கை வெளியிட்டார். அதே நாளில் டெல்லி ஜந்தர் மந்தரில் கேரள முதல்வர் பினராயி விஜயன், மத்திய அரசு தங்களைக் கடன் வாங்கவிடவில்லை என்று போராட்டம் நடத்தினார். பேசிய மூன்று கணக்கும் மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகள்.

பெட்ரோல் விலை குறையாததுக்கு மன்மோகன் சிங் வாங்கிவெச்ச எண்ணெய்ப் பத்திரம்தான் காரணமாமே?

2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் சொன்னது அதுதான். பின்னணி இது: 2005-க்குப் பிறகு கச்சா எண்ணெய் விலை ஏறியபோது பம்ப் விலையை அந்த அளவுக்கு ஏற்றாமல், நஷ்டப்பட்ட எண்ணெய் நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதில் பத்திரம் கொடுத்தார்கள். தொகை 1.44 லட்சம் கோடி. மானியம் அன்றைக்கே செலவானது, அன்றைய பற்றாக்குறைக் கணக்கில் மட்டும் தெரியவில்லை. இதைக் குறை சொல்வது நியாயமே.

ஆனால் விலை குறையாததற்கு அது காரணமா என்றால் கணக்கு இடிக்கிறது. பத்திரத்தின் வட்டி ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி போல. பெட்ரோல் மீதான மத்திய வரி 2014-ல் லிட்டருக்கு 9.48 ரூபாய், 2020 மே மாதத்தில் 32.98. எரிபொருள் கலால் வரியில் 2020-21-ல் மட்டும் வந்தது 3.5 லட்சம் கோடிக்கு மேல். அசல் முழுவதையும் ஒரே ஆண்டில் அடைத்திருந்தாலும் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். பிறகு 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் வரியைக் குறைத்தார்களே, அப்போதும் பெரும்பாலான பத்திரம் அடைபடாமல்தான் இருந்தது.

பற்றாக்குறை 3 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கறது யார் வெச்ச சட்டம்?

நிதிப் பொறுப்புடைமைச் சட்டம். 2000-ல் அன்றைய நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா மசோதாவாகக் கொண்டுவந்து, வாஜ்பாய் ஆட்சியில் 2003-ல் நிறைவேறி, ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய நாடுகள் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டதும் இதே 3 தான். 2007-08-ல் நாம் ஒருமுறை 3-க்குக் கீழே போனோம். அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்து சட்டம் ஓரமாகப் போனது. அரசமைப்பின் 292-வது பிரிவு, கடனுக்கு நாடாளுமன்றம் உச்சவரம்பு போடலாம் என்கிறது. போட்டாலும் மீறியதற்காக எந்த நிதியமைச்சரும் பதவி இழந்ததில்லை.

பொருளாதார அறிஞர்களும் ஒரே குரலில் இல்லை. ரங்கராஜன் போன்றவர்கள் வரம்பு வேண்டும் என்பார்கள். வேலையில்லாக் காலத்தில் அரசு கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்வது தவறு என்பார்கள் பிரபாத் பட்நாயக், ஜெயதி கோஷ் போன்றவர்கள். சட்டத்தை மறுபரிசீலனை செய்த என்.கே. சிங் குழுவுக்குள்ளேயே, அப்போதைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்ரமணியன் உடன்படாமல் தனிக் குறிப்பு எழுதினார்.

2018 மார்ச்சில் இந்தச் சட்டத்தைத் திருத்தி, வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்கும் இலக்கையே எடுத்துவிட்டார்கள். முதல் பதிலில் நான் நினைவூட்டிய அதே இரண்டாவது எண். திருத்தம் நிதி மசோதாவுக்குள் இருந்தது. அமளிக்கு நடுவே மக்களவையில் விவாதமில்லாமல் அந்த மசோதா நிறைவேறியது. கட்சிக்காரர்கள் தொண்டை வறளச் சண்டை போட்டிருக்க வேண்டிய இடம் அது. மத்தியக் கடனை 2024-25-க்குள் 40 சதவீதத்துக்குக் கொண்டுவருவோம் என்று அதே திருத்தத்தில் எழுதியதும் நடக்கவில்லை. இப்போது 2031 மார்ச்சுக்குள் 50-ஐ ஒட்டி என்று புது இலக்கு.

கணக்குலயே காட்டாம அரசாங்கம் கடன் வாங்க முடியுமா?

முடியும், செய்தும் இருக்கிறார்கள். ரேஷன் அரிசிக்கான மானியத்தை மத்திய அரசு இந்திய உணவுக் கழகத்துக்குத் தர வேண்டும். பல ஆண்டுகள் முழுதாகத் தராமல், சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கடன் உணவுக் கழகத்தின் பெயரில் ஏறியது, அரசின் பற்றாக்குறை அழகாகத் தெரிந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதைச் சுட்டிக்காட்டினார்.

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இதை வெளியே கொண்டுவந்தார்கள். 2020-21-க்கு 1.16 லட்சம் கோடி என்று போட்டிருந்த உணவு மானியம் திருத்திய மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடி ஆனது. கொரோனாக் கால இலவச அரிசி ஒரு பகுதி, பழைய பாக்கி பெரும்பகுதி. மறைத்தது தவறு, வெளியே வைத்தது நல்லது. செய்தது ஒரே அரசு என்பதால் இரண்டையும் சேர்த்துச் சொல்ல எந்தக் கட்சிக்கும் மனம் வருவதில்லை.

அப்ப கேரளா பண்ணினா மட்டும் ஏன் தப்பு?

கேரளத்தின் கேள்வியே அதுதான். அந்த மாநிலம் கட்டமைப்புக்காகக் 'கிஃப்பி' என்ற அமைப்பின் மூலமும் ஓய்வூதியத்துக்காக ஒரு தனி நிறுவனத்தின் மூலமும் கடன் வாங்கியது. அவற்றை மாநிலத்தின் கடனாகவே பாவித்து, வாங்கக்கூடிய வரம்பில் மத்திய அரசு கழித்துக்கொண்டது. அரசமைப்பின் 293(3) பிரிவின்படி, மத்திய அரசுக்குப் பழைய கடன் பாக்கி உள்ள மாநிலம் புதுக்கடன் வாங்க அதன் சம்மதம் வேண்டும். மத்திய அரசைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்தைத் தவிர யாரும் இல்லை.

2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 1 அன்று இடைக்கால நிவாரணம் தர மறுத்த நீதிமன்றம், வழக்கை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. மறைமுகக் கடனைக் கணக்கில் சேர்ப்பது சரி என்பதே என் எண்ணம். ஆனால் அந்த விதி டெல்லிக்கும் பொருந்த வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு 9 லட்சம் கோடி கடன்ங்கறாங்களே, திவாலா?

திவால் இல்லை. 2025-26 மாநில பட்ஜெட்டின்படி 2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் 9.30 லட்சம் கோடி, மாநில உற்பத்தியில் 26.07 சதவீதம். மேலே சொன்ன 'தலைக்கு இத்தனை' சமாச்சாரம் இங்கேயும் உண்டு. 2021 ஆகஸ்டில் அன்றைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று இருந்தது. அதை வைத்து அன்றைக்கு அதிமுகவைத் திமுக சாடியது. 2025-ல் மொத்தத் தொகையைக் காட்டி அதிமுக திமுகவைச் சாடியது. வசனம் ஒன்றுதான், பேசுகிற ஆள் மாறினார்.

மாநிலங்களின் நியாயமான புகார் வேறு இடத்தில் இருக்கிறது. 15-வது நிதிக்குழு, பகிரக்கூடிய மத்திய வரிகளில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். ஆனால் வரிக்கு மேல் கூடுதலாக செஸ், சர்சார்ஜ் என்று வசூலிப்பதைப் பகிர வேண்டியதில்லை. டெல்லியின் வசூலில் அவை பெருகப் பெருக மாநிலத்துக்கு வருவது சுருங்கும், அந்த இடத்தைக் கடன் நிரப்பும். 2025 மார்ச்சில் மாநில பட்ஜெட்டின் இலச்சினையில் ₹ குறிக்குப் பதில் 'ரூ' எழுத்து போட்டதற்கு நாடு முழுக்க நடந்த ரகளையில் இதைப் பேசியவர்கள் சிலரே.

பெருமுதலாளிகளுக்கு 16 லட்சம் கோடி தள்ளுபடி பண்ணிட்டுத்தானே பட்ஜெட்ல துண்டு விழுது?

நேரடித் தொடர்பு இல்லை. பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி வாராக்கடனைத் தங்கள் ஏட்டிலிருந்து நீக்கியதாக 2025-ல் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அது வங்கிகளின் கணக்கு, பட்ஜெட்டில் வராது. நீக்கினாலும் வாங்கியவரின் பொறுப்பு சட்டப்படி தீராது, வசூல் நடவடிக்கை தொடரலாம். வசூலாவது என்னவோ சொற்பம்தான்.

சுற்றிவளைத்த தொடர்பு ஒன்று உண்டு. நஷ்டத்தில் மெலிந்த பொதுத்துறை வங்கிகளைத் தூக்கி நிறுத்த 2017 அக்டோபரில் 2.11 லட்சம் கோடி திட்டம் அறிவித்தார்கள். அதில் 1.35 லட்சம் கோடி அரசு எழுதிக்கொடுத்த பத்திரம். பற்றாக்குறையில் தெரியாது, கடனில் சேரும், வட்டி நம் வரியில் போகும். பணக்காரர்களுக்குச் சலுகை என்று வாதாட நேரடி ஆதாரம் வேண்டுமென்றால் 2019 செப்டம்பரைச் சொல்லலாம். நிறுவன வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்ததில் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும் என்று அரசே சொன்னது.

எதிர்க்கட்சி நெனச்சா பட்ஜெட்டை நிறுத்த முடியாதா? அமெரிக்காவுல ஆபீஸையே மூடிடறாங்களே?

அங்கே அதிபர் ஒரு கட்சி, அவை வேறு கட்சி என்று இருக்கலாம். ஒரே கட்சியானாலும் செனட்டில் 60 வாக்கு தேவைப்படும். 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு அலுவலகங்கள் முடங்கியது அதனால்தான். இங்கே மக்களவையில் பெரும்பான்மை இருப்பவர்தான் அரசு. மாநிலங்களவையால் பண மசோதாவை 14 நாளுக்கு மேல் பிடித்துவைக்க முடியாது. ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பணம் கேட்டு அரசு வைப்பது மானியக் கோரிக்கை. மக்களவையில் அது தோற்றால் ஆட்சியே போய்விடும்.

அந்தக் கோரிக்கைத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் என்று ஓர் ஆயுதம் உண்டு. 2010 ஏப்ரலில் எரிபொருள் விலையை எதிர்த்து பாஜகவும் இடதுசாரிகளும் அதைக் கொண்டுவந்தபோது, மாயாவதி கட்சியின் ஆதரவில் மன்மோகன் அரசு தப்பியது. பெரும்பாலும் நடப்பதோ 'கில்லட்டின்': விவாதிக்காத கோரிக்கைகளை எல்லாம் கடைசி நாளில் மொத்தமாக ஓட்டுக்கு விடுவது. 2023 மார்ச்சில் 45 லட்சம் கோடி பட்ஜெட் அமளிக்கிடையே சில நிமிடங்களில் நிறைவேறியது. அதானி விவகார விசாரணை கேட்டு ஒரு தரப்பும் ராகுல் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மறுதரப்பும் கத்திக்கொண்டிருந்தன.

நாமளும் இலங்கை மாதிரி ஆயிடுவோமா?

2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. அங்கே கடனில் கிட்டத்தட்டப் பாதி வெளிநாட்டுச் செலாவணியில். 2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டியதில் வருமானம் சரிந்தது, கொரோனாவில் சுற்றுலா நின்றது, 2021-ல் ரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை வந்தது. எரிவாயு சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றது டாலர் இல்லாமல் போனதால். ரூபாயில் கடன் வாங்கும் நாட்டுக்கு அதே வழியில் அதே ஆபத்து வராது. ரூபாய்க் கடன் அதிகமானால் வருவது வேறு நோய்: விலைவாசி, வட்டி உயர்வு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போவது.

நமக்கும் அந்த டாலர் பயம் தெரியாததல்ல. 1991-ல் சந்திரசேகர் அரசால் முழு பட்ஜெட்கூடத் தாக்கல் செய்ய முடியவில்லை. அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே வரும் என்ற நிலையில், மே மாதம் ஸ்டேட் வங்கி மூலம் 20 டன் தங்கம் வெளியே போனது. ஜூலையில் இன்னும் 47 டன் போல விமானத்தில் ஏற்றி இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்தார்கள்.

எல்லாரும் அவங்கவங்க எண்ணைச் சொல்றாங்க. பட்ஜெட் அன்னைக்கு நான் எதைப் பார்க்கணும்?

உரையைக் கேட்க வேண்டாம், 'பட்ஜெட் ஒரு பார்வை' என்ற சிறு ஆவணத்தை நிதியமைச்சகத் தளத்தில் அன்றைக்கே போடுவார்கள், அதை இறக்கிக்கொள்ளுங்கள். முதல் அட்டவணையில் வருவாய்ப் பற்றாக்குறை, வட்டி, பாலம், ரயில் பாதை போன்ற சொத்துகளுக்கான மூலதனச் செலவு மூன்றையும் பென்சிலால் வட்டமிடுங்கள். 2025-26-ல் மூலதனச் செலவு 11.21 லட்சம் கோடி, வட்டியைவிடக் குறைவு.

அப்புறம் பக்கத்துக் கட்டத்தில் முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடும், அதற்கும் முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கும் இருக்கும். போன வருஷம் சொன்னதில் எவ்வளவு நடந்தது என்பது அங்கே தெரியும். அந்தக் கட்டத்தைப் பற்றி இதுவரை ஒரு வாட்ஸ்அப் படமும் எனக்கு வரவில்லை.